பூட்டும் புல்லட்டும்

திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பூட்டின் அருமையை நாம் உணர்ந்ததென்னவோ வீட்டுக் கொட்டகையில், புல்லட்டுக்கு அடியில்தான். ஹைட்ராலிக் ஜாக்கியில் வண்டியை ஏற்றிவிட்டு, உருண்டோடிய நட்டை எடுக்கக் கை நீட்டினோம். வண்டி ஓசையின்றி இறங்கிக்கொண்டிருந்தது. மகள் கத்தியதால் விரல்கள் பிழைத்தன.

எண்ணெயழுத்தம் தூக்குவதற்குத்தான், தாங்கி நிற்பதற்கன்று. உள்ளிருக்கும் ரப்பர் சீல் தேய்ந்தால் அழுத்தம் கசிந்துவிடும். இன்றைய புல்லட் 350இன் எடையோ 195 கிலோ. ஆகவே புதிய லிஃப்ட் வாங்கச் சென்றபோது விலையைப் பிறகே கேட்டோம். முதலில் தேடியது, ஏற்றியபின் எடையைத் தாங்கும் இரும்புப் பூட்டு. அடுத்து அகன்ற அடித்தளம், வண்டியின் எடையைப்போல் இருமடங்கு தாங்குதிறன், முன்சக்கரத்தைக் கவ்வும் பிடி, இருபுறமும் இழுத்துக் கட்டப் பட்டைகள்.

கள்வனுக்கு அஞ்சிப் பூட்டுச் செய்த ஊர் இது. புவியீர்ப்பும் அவனைப்போல் ஓசையின்றியே வருகிறது.