என் கைக்கு அளந்த வில்

சிங்கப்பூரில் வேட்டை வில்லை வாங்கி எதை வேட்டையாடப் போகிறாய் என்று கேட்காத உறவினர் இல்லை. நியாயமான கேள்விதான். இங்கு அனுமதியின்றி வனவிலங்கைப் பிடிப்பதும் கொல்வதும் சட்டப்படி குற்றம். நான் குறிவைப்பது காகித இலக்கை மட்டுமே.

‘காம்பவுண்ட்’ வில் பிறந்ததென்னவோ வேட்டைக்காகத்தான். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1960களில் அதை உருவாக்கி, 1969ல் காப்புரிமை பெற்றார். இன்று அது ஒரு பெரிய விளையாட்டு. 2023ல் சீனாவின் ஹாங்ஜோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கப் பதக்கங்களையும் இந்தியா வென்றது. ஆந்திராவின் ஜோதி சுரேகா வென்னம் அவற்றில் மூன்றில் பங்கு பெற்றார்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது சாதாரண வில் பிடித்தவள் நான். திருமணம், வேலை, இரண்டு பிள்ளைகள் என்று அது நின்றுபோனது. 41 வயதில் வலது தோள் இறுகிக்கொண்டது. புக்கிட் மேராவில் எங்கள் வீவக வீட்டுச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி மாட்டி நீட்டக்கூட முடியவில்லை. எட்டு மாத சிகிச்சைக்குப் பிறகு, “இனி வில் பிடிக்கலாமா?” என்று கேட்டேன். “குறைந்த எடையில் தொடங்குங்கள். வலி மறுநாள்வரை நீடித்தால் நிறுத்திவிட வேண்டும்,” என்றார் சிகிச்சையாளர்.

அந்த ஒரு நிபந்தனைதான் காம்பவுண்ட் வில்லைத் தேட வைத்தது. சாதாரண வில்லை இழுக்க இழுக்கப் பாரம் கூடும். குறிபார்க்கும் நேரத்தில்தான் தோளில் முழு எடையும் இறங்கும். காம்பவுண்ட் வில்லின் இரு முனைகளிலும் ‘கேம்’ எனப்படும் சக்கரங்கள் உண்டு. அவை நட்ட நடுவில் சுழலாமல் ஓரமாகச் சுழல்பவை. நாண் முழுவதும் பின்னால் வந்ததும் பாரத்தில் பெரும்பகுதியை அவை தாங்கிக்கொள்ளும். என் வில்லின் இழுவிசை 28 பவுண்டு. முழுதாக இழுத்தபின் விரல்களில் மிஞ்சுவது ஏறத்தாழ 7 பவுண்டுதான்.

“ஏம்மா, தோள்வலி இப்பத்தானே அடங்கியிருக்கு, அதுக்குள்ள வில்லா?” என்றார் மாமியார். “வலி திரும்பினா அன்னிக்கே வித்துடுறேன் அத்தை,” என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

புது வில்லைக் கடையிலிருந்து வாங்கி அப்படியே எய்ய முடியாது. முதலில் இழுநீளம். கைகள் இரண்டையும் விரித்து, விரல்நுனி முதல் விரல்நுனிவரை அளந்து 2.5ஆல் வகுக்க வேண்டும். எனக்கு 60 அங்குலம், அப்படியானால் 24. கடையில் இருந்த சீன அங்கிள், கேமில் உள்ள சிறு தகட்டை அதற்கேற்ப மாற்றினார். அடுத்து எடை. மேலும் கீழும் உள்ள திருகுகளை ஒரே அளவில் தளர்த்த வேண்டும். ஒன்று கூடினாலும் வில் சமநிலை இழக்கும். “அம்பு இல்லாமல் நாணை விடவே கூடாது,” என்று மூன்று முறை சொன்னார். அம்புக்குப் போக வேண்டிய விசை வில்லுக்கே திரும்பி, அதை உடைத்துவிடும்.

பிறகு, கண்ணை மூடிக்கொண்டு இழுக்கச் சொன்னார். திறந்தபோது, நாணில் உள்ள சிறு வளையம் நேராக என் கண்ணுக்கு முன் இருக்க வேண்டும். இரண்டு முறை மேலே நகர்த்தினார். கழுத்து வில்லைத் தேடிப் போனால் தோள் கெட்டுவிடும்; வில்தான் கழுத்தைத் தேடி வர வேண்டும் என்பது அவர் கொள்கை.

எனக்கு மிகவும் பிடித்தது காகிதச் சோதனை. சட்டத்தில் தாளை விறைப்பாகக் கட்டி, சில அடி தூரத்திலிருந்து அதன் ஊடே எய்ய வேண்டும். அம்பு நேராகச் சென்றால் உருண்டையான துளையும் இறகுகளின் கீறலும் மட்டும் இருக்கும். எனக்கோ முனை கீழேயும் வால் மேலேயுமாக நீளக் கிழிசல். அம்பு தாங்கியை இம்மியளவு உயர்த்தினார். மறுபடி கிழிசல், சற்றுச் சிறியதாக. ஆறாவது தாளில் சுத்தமான துளை விழுந்தது. அந்தத் தாள் இப்போது எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். இந்தக் கதையைச் சொன்னபோது என் மகன் கேட்டான்: “அவரோட வில்லை யாரும்மா டியூன் பண்ணினாங்க?” புலவர் சொல்லவில்லை. ஆனால் யாரோ ஒருவர் அந்த நாணைக் கட்டி, அம்பின் கோணல் பார்த்து நிமிர்த்தியிருக்கத்தான் வேண்டும்.

முதல் நாள் 30 அம்புகளோடு நிறுத்திக்கொண்டேன். மறுநாள் காலை எழுந்ததும் பார்த்த முதல் வேலை, கையை மெதுவாகத் தலைக்கு மேல் தூக்கியதுதான். வலிக்கவில்லை. அன்று துணிக்கழியை நானே வெளியே நீட்டினேன்.

மூன்று மாதங்கள் ஆகின்றன. புது நாண் சற்று நீண்டதால் மறுபடி சரிசெய்தோம். எடை இன்னும் 28 பவுண்டுதான், கூட்ட அவசரமில்லை. எங்கள் வீட்டில் கைப்பேசி மின்னூட்டி முதல் குடைவரை எல்லாம் எல்லாருக்கும் பொது. இந்த வில்லை என் கணவர் ஒருநாள் ஆசையாகக் கையிலெடுத்தார். அவருடைய நீண்ட கைக்கு அது பொருந்தவே இல்லை. “இது உனக்கு மட்டும்தான்,” என்று திருப்பிக் கொடுத்தார்.