இரு வாரத் திட்டம்

இக்கல்லூரியினின்றும் வெளிப்போந்து, திண்டுக்கல்லிலேயே மென்பொருள் இயற்றும் தொழிலில் அமர்ந்திருக்கும் எம்மைக் காணும் பழைய மாணவர் சிலர், "பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊரில் இதென்ன தொழில்?" என்று வினவுகின்றனர். எமது தொழிலில் கடினமாவது நிரலெழுதுதலன்று. எத்துணை நாளில் முடியுமென்று மெய்யுரைத்தலே.

வேண்டுவனவற்றையெல்லாம் முதலிலேயே எழுதிக்கொண்டு ஈற்றில் ஒருங்கே அளித்தல் பழைய முறை. 1970-ம் ஆண்டில் ராய்ஸ் என்னும் அமெரிக்கர் அதனைப் படமாக வரைந்து, இஃது இடர்மிக்கதென்றும் எழுதினார். படத்தைக் கண்டோர் பலர் எழுத்தைப் படித்திலர் போலும்! 2001-ம் ஆண்டு பிப்ரவரியில் யூட்டா மலைநாட்டில் 17 பேர் கூடி வெளியிட்ட 'அஜைல்' அறிக்கைக்குப் பின், சிறிது செய்து காட்டி, கண்டதற்கேற்பத் திட்டத்தைத் திருத்தும் முறை பரவலாயிற்று.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் மண்டி நடத்தும் பெரியவர் ஒருவர், தம் கணக்கு முழுவதையும் பொங்கலுக்குள் கணினியில் ஏற்றித் தருமாறு கேட்டார். யாம் ஐவரும் எண் பொறித்த சீட்டுகளுடன் அமர்ந்தோம். ஒவ்வொரு பணியின் சுமையையும் குறிக்கும் எண்ணை யாவரும் ஒரே கணத்தில் காட்டுதல் வேண்டும். மூத்தோர் சொன்னதை இளையோர் வழிமொழியாதிருத்தற்பொருட்டே இவ்வேற்பாடு. சிட்டை அச்சிடும் பணிக்குச் சிலர் 3 என்று காட்ட, எம்முள் இளையவரும் வேளாண்குடியிற் பிறந்தவருமான பெண்மணி 13 என்று காட்டினார். காரணம் வினவியபோது, "என் தகப்பனார் விதைக்காக மண்டியில் முன்பணம் வாங்குவார். தக்காளி விலை இறங்கிய நாளில் அதனை முழுதும் பிடித்துக்கொண்டால் வண்டி வாடகைக்கும் காசிராது. எவ்வளவு பிடிப்பதென்று முதலாளி அன்றன்று முகம் பார்த்தே முடிவு செய்வார். அதை எப்படி நிரலாக எழுதுவது?" என்றார். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை.

ஆகவே, முதல் இரு வாரத்தில் தக்காளிக்கு மட்டும் எடை, விலை, தரகு ஆகியவற்றை அச்சிடுவது, பிடித்தத்தை முதலாளியே கையால் இடுவது என்று வகுத்தோம். பெரியவர் சினந்து, "அரைகுறையை வைத்து என்ன செய்வது, தம்பி? பொங்கலுக்குள் எல்லாம் முடியுமென்று வாக்குக் கொடுங்கள்" என்றார். வாக்குக் கொடாவிடின் வேலை கைநழுவும். ஐந்து குடும்பங்கள் அதனை நம்பியிருந்தன. எனினும் கொடுத்திலோம். அஜைல் வழிகளுள் ஒன்றாகிய ஸ்க்ரமின் கையேட்டில், 2011-ம் ஆண்டிலேயே 'உறுதிமொழி' என்பது நீங்கி 'முன்கணிப்பு' என்பது வந்துவிட்டது. ஆயினும் அதனை மண்டியில் நின்று எடுத்துரைத்தல் எளிதன்று.

இரு வாரங் கழித்து, முதற் சிட்டையை மங்கிய விளக்கொளியில் உயர்த்திப் பார்த்த குடியானவர் ஒருவர், எழுத்துப் பெரிதாயிருக்க வேண்டுமென்றார். பிடித்தது போக நிற்கும் முன்பணமும் அடியிலே தெரியவேண்டுமென்றார். இவ்விரண்டும் பெரியவரின் பட்டியலில் இல்லாதன. அடுத்த இரு வாரத்திற்கு அவையே முன்வந்தன. பொங்கலுக்குள் முடிந்தது பட்டியலிற் பாதிக்குச் சற்று மேல். எஞ்சியவற்றுள் மூன்றைத் தமக்கு வேண்டாமென்று பெரியவரே அடித்துவிட்டார்.