துண்டுக்குள் விரல்!

எங்கள் போடிநாயக்கனூரில் தரகு என்பது கெட்ட வார்த்தை இல்லை, சார். ஏலக்காய்க்குக் கமிஷன், வாடகை வீட்டுக்குக் கமிஷன், கல்யாணத்துக்கும் கமிஷன். போடிமெட்டிலிருந்து இறங்குகிற காற்று மட்டும்தான் இன்னும் இலவசம்!

என் அக்கா மகனும் இப்போது தரகர். தோளில் மூட்டை இல்லை, கையில் செல்போன். 'இந்த மிக்ஸி சூப்பர்' என்று எழுதிக் கீழே ஒரு லிங்க் போடுவான். அதைத் தட்டி நீங்கள் வாங்கினால் அவனுக்குக் கமிஷன். பெயர், அஃபிலியேட் மார்க்கெட்டிங். அமேஸான் 1996-லேயே ஆரம்பித்த சங்கதி.

"மாமா, லிங்க் அனுமார் வால் மாதிரி நீளுது. அதுல என் அடையாளக் குறி வேற தெரியுது. அதான் மறைச்சிட்டேன்" என்றான். அவனுடைய வெப்சைட் பெயர், ஒரு கோடு, 'மிக்ஸி'. அவ்வளவுதான். தட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் கடைக்குத் தள்ளிவிடும். லிங்க் க்ளோக்கிங்காம். தமிழில் சொன்னால், முக்காடு!

முக்காட்டிலும் நியாயம் உண்டு. கடையின் லிங்க் மாறினால் நூறு இடத்தில் திருத்த வேண்டாம், ஓரிடம் போதும். எத்தனை பேர் தட்டினார்கள் என்றும் எண்ணலாம். ஆனால் பையன் இன்னொன்றும் சொன்னான்: "கமிஷன்னு தெரிஞ்சா யாரும் தட்ட மாட்டாங்க மாமா."

அங்கேதான் எனக்கு இடித்தது. லிங்க் போயிருந்தது எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்புக்கு. 'நம்ம பையன் சொல்றானே' என்று எதிர்வீட்டு டீச்சரம்மா வாங்கியே விட்டார்.

"நீ அதுல சட்னி அரைச்சுப் பாத்தியா?"

"இல்ல மாமா..."

எந்த இடத்திலிருந்து தட்டினார்கள் என்று தெரியாதபடி மறைக்கக் கூடாது, போகிற இடம் தங்கள் கடைதான் என்பது புரியாதபடி லிங்கைச் சுருக்கவும் கூடாது என்பது அமேஸானின் விதி. மீறினால் கணக்கையே மூடலாம். காசு வாங்கிக்கொண்டு சிபாரிசு செய்பவர்கள் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டியும் வெளியிட்டது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, பழைய ஏலக்காய்த் தரகர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"2007-ல கூவுற ஏலம் போயி கம்ப்யூட்டர் ஏலம் வந்துச்சு. கமிஷன் போச்சா? போகல. வித்தவனுக்கும் தெரியும், வாங்குனவனுக்கும் தெரியும். மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள விரலப் புடிச்சு வெல பேசுவாங்க. வெலதான்டா மறைவு, தரகன் மறைவில்ல. நீ தரகனையே துண்டுக்குள்ள ஒளிக்கிறியேப்பா!"

பையன் முகம் சுருங்கியது. அன்று ராத்திரியே குரூப்பில் எழுதினான்: 'இந்த லிங்க்ல வாங்கினா எனக்குக் கமிஷன் உண்டு. மிக்ஸியை நான் உபயோகிச்சதில்ல.'

டீச்சரம்மாவிடமிருந்து உடனே பதில்: 'சரிப்பா. நாளைக்கு வீட்டுக்கு வா. தேங்காய் உடைச்சு வைக்கிறேன். நீயே அரைச்சுப் பாத்துட்டு அப்புறம் எழுது!'