விளக்கு எரிகிறது, ரேடியோ கேட்கவில்லை

மும்பை துறைமுகத்தில் சொந்தமாகச் சின்னப் பாய்மரப் படகு வைத்திருப்பவருக்கு நிரந்தரக் கவலை பேட்டரிதான். பாயை விரித்துவிட்டால் இஞ்சின் ஓடாது, சார்ஜும் ஏறாது. பாய்மர உச்சியில் சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றையும் காட்டும் விளக்கின் பழைய 25 வாட் பல்ப், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எல்.இ.டி.க்கு அதில் ஐந்தில் ஒரு பங்கே அதிகம். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்க்ரூ டிரைவரோடு பாய்மரம் ஏறிவிடுகிறார். நியாயமான ஆசைதான்.

ஆனால் மலிவான எல்.இ.டி.க்குள் இருக்கும் குட்டி சர்க்யூட் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். வி.எச்.எஃப். ஆன்டெனாவும் அதே உச்சியில்! ஆபத்தில் உதவி கேட்கும் 16-ம் சானலே செவிடாகலாம். இரைச்சலை 'ஸ்க்வெல்ச்' குமிழ் அமுக்கிவிடுவதால், யாரும் பேசவில்லை என்றே தோன்றும். மீன்பிடிப் படகுகளும் சரக்குக் கப்பல்களும் நெருக்கும் இரவில் இந்த அமைதி பொல்லாதது.

2018-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதுபற்றி எச்சரித்தது. அது சொன்ன சோதனைக்குத் தனிக் கருவி வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு, ரேடியோவைப் பேச்சில்லாத சானலில் வைத்து, இரைச்சல் சரியாக அடங்கும் இடத்தில் குமிழை நிறுத்த வேண்டும். பிறகு விளக்கைப் போட வேண்டும். கர்ரென்றால், மறுபடியும் பாய்மரம் ஏற வேண்டியதுதான்.