கூலி பேசாத படம்

அஸ்ர் தொழுகைக்குப்பின் மதரஸாப் பிள்ளைகள் கலைந்து சென்ற வேளையில், நம் பழைய மாணவர் ஒருவரின் தாயார் வந்தார். மகன் தாம்பரம் மெப்ஸ் வளாகத்தில் பார்த்துவந்த சம்பள வேலையை விட்டு மூன்றாண்டுகள் ஆகின்றன. பெண் கேட்கப் போகும் இடங்களில், "மாப்பிள்ளை போட்டோ எடுக்கிறார்" என்றதும் பேச்சு நின்றுவிடுகிறதாம். "நீங்கள் சொன்னால் கேட்பான் ஹஜ்ரத், திரும்ப வேலைக்குப் போகச் சொல்லுங்கள்" என்றார். சொல்கிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டோம். விசாரிக்காமல் கொடுத்த வாக்கு அது.

மறுநாள் மேற்குத் தாம்பரத்தில் அவர்களுடைய வீட்டு மாடிக்குச் சென்றோம். கல்யாணப் படம் எடுக்கிறார் என்றே எண்ணியிருந்தோம். அங்கே ஜன்னல்கள் கறுப்புத் துணியால் மூடப்பட்டிருந்தன. மேசைமீது வெள்ளை அக்ரிலிக் தகடு, அதன்மேல் ஒற்றை ஷூ. பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிற்கூடங்கள் வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் காட்டும் கேட்டலாக்கிற்கான படம். (குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் தோல் ஆலையால் வந்ததுதான்.) தையல் தெரியவேண்டும், பளபளப்பு கண்ணைக் கூசக்கூடாது. அதற்காக விளக்கை விரற்கடை அளவு நகர்த்தி நகர்த்தி, ஒரு படத்திற்கு இரண்டு மணி நேரம். கேமரா நிறுத்தும் முக்காலியைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழையதாக வாங்கினாராம். ஜும்ஆவுக்கு நேரத்தில் திரும்பினாயா என்று கேட்க நாம் மறக்கவில்லை.

படம் எடுப்பது கூடுமா என்ற விவாதம் வாசகர்கள் அறிந்ததே. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைக் முஹம்மது பகீத் அல்முதீஈ, கேமரா நிழலைப் பிடித்துவைக்கிறதே அன்றிப் படைக்கவில்லை என்று கூறிக் கூடுமென்றார். தேவ்பந்த் உலமாக்களில் பலர் அதை ஏற்கவில்லை. ஆனால் உயிரற்றவற்றை வரைந்துகொள்ள இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களே வழிகாட்டியிருக்க, காலணியிலும் கைப்பையிலும் சச்சரவுக்கு இடமேது?

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஒரு நிறுவனம் நாற்பது படங்களுக்கான கூலியை ஏழு மாதங்களாகத் தரவில்லை. வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்ட வேலை. கேட்டலாக்கிற்கென்று எடுத்த படங்கள் கண்காட்சிப் பதாகையிலும் ஏறிவிட்டன. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவை அவர் நமக்கு விளக்கினார். கூலிக்காக ஒருவர் எடுக்கச் சொன்ன படத்திற்கு, வேறு ஒப்பந்தம் இல்லையெனில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எதற்குப் பயன்படுத்தலாம், எத்தனை ஆண்டுக்கு என்பதை முதலிலேயே எழுதி வாங்காதவர் பிறகு கேட்பதற்கு ஒன்றுமில்லை. கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகராவின் 282-ஆம் வசனத்தை இவருக்கு ஓதக் கற்றுத்தந்தவர்கள் நாம். ஓத மட்டுமே கற்றுத்தந்திருக்கிறோம்.

நல்லவேளையாக, தொழில் தொடங்கியபோதே உத்யம் பதிவு செய்திருந்தார். குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-இன்படி இத்தகையவருக்கு 45 நாட்களுக்கு மேல் பாக்கி வைக்கக்கூடாது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. "வட்டியைக் கேட்காவிட்டால் அவர்கள் பயப்பட மாட்டார்கள் ஹஜ்ரத். என்ன செய்யட்டும்?" என்றார். விடை நமக்குத் தெரியும். ஆயினும் மாதச் சம்பளம் வாங்கும் நாம், வாடகை பாக்கியுள்ள ஒருவரிடம் அதைச் சொல்லச் சற்று நேரமாயிற்று. அசலை மட்டும் கேள் என்றோம். தலையசைத்தார். அவர் முன்பே முடிவு செய்திருந்தார் போலும்.

கீழே தாயார் காத்திருந்தார். வேலைக்குப் போகச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. விளம்பரப் புகைப்படக் கலைஞர் இக்பால் முஹம்மதைப் பற்றிச் சொன்னோம். கலிபோர்னியாவின் புரூக்ஸ் இன்ஸ்டிடியூட்டில் பயின்றவர், மனைவி அனுராதாவுடன் சேர்ந்து 2001-இல் ஊட்டியில் இத்தொழிலுக்கென்றே லைட் அண்ட் லைஃப் அகாடமியைத் தொடங்கியவர். "இதற்குப் பள்ளிக்கூடம்கூட இருக்கிறதா?" என்றார் தாயார். பிறகு தேநீர் கொண்டுவந்தார்.

சட்டத்தைக் குறிப்பிட்டுக் கடிதம் போனது. பாதித் தொகை வந்தது, மீதி இன்னும் வரவில்லை.

வீடு திரும்பும் வழியில்தான் நமக்கு உறைத்தது. மூன்றாண்டுகளாக மதரஸா ஆண்டு விழாவைப் படமெடுத்துத் தந்தவர் இவரே. சந்தா வசூல் நோட்டீஸிலும் அவர் எடுத்த படங்களே. கூலி பேசவில்லை. "துஆச் செய்கிறோம்" என்றோம். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் ஹதீஸைச் சென்ற விழாவில் ஒரு சிறுவன் மேடையேறி ஒப்பித்தான். அதையும் இவர்தான் படமெடுத்தார்.

நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்தபோது, "நம் பிள்ளைதானே" என்றார் பொருளாளர். நம் பிள்ளை என்பதால்தான் முதலில் கொடுக்கவேண்டும் என்றோம். பில் வந்தது. பந்தலுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. அடியில் ஒரு வரி எழுதியிருந்தார்: "மதரஸா நோட்டீஸுக்கு மட்டும், ஓராண்டுக்கு." பொருளாளர் அதை இருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.