கரியைப் பாத்துட்டு வாங்க

கோழி சுடுவதைப் பற்றி எழுத வேண்டும் என்று போனில் சொன்னதும், பாகான் செராயில் கோழி சுடுபவர் திருப்பிக் கேட்டார்: “கரிச்சூளை பாத்திருக்கீங்களா தம்பி?” இல்லை என்றேன். “அப்ப மொதல்ல அதைப் பாத்துட்டு வாங்க. கோழி எங்கயும் ஓடிப்போயிடாது.”

ஆகவே முதலில் கோலா செபெத்தாங். பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து இங்கேதான் ஓடியது. தண்டவாளம் போய்விட்டது, சீனக் குடும்பங்களின் கரிச்சூளைகள் இருக்கின்றன. சுற்றிலும் மாத்தாங் அலையாத்திக் காடு, சுமார் 40,000 ஹெக்டேர். ஒரு பகுதியை வெட்டினால் அது மறுபடி வெட்டுக்கு வர 30 ஆண்டாகும். இந்தக் கட்டுப்பாட்டால்தான் காடு இன்னும் காடாக நிற்கிறது.

சூளை, கவிழ்த்த பானை மாதிரி செங்கல் கட்டடம். உள்ளே பட்டை உரித்த பாக்காவ் (அலையாத்தி மர) கட்டைகளை நெருக்கி நிறுத்தி, வாசலில் சின்ன அடுப்புக்கு மட்டும் இடம் விட்டு அடைத்துவிடுகிறார்கள். நெருப்பு அந்த வாசலோடு சரி. உள்ளே போவது வெக்கைதான். அது கட்டையிலுள்ள ஈரத்தை வாரக்கணக்கில் விரட்டுகிறது. வெப்பமானி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. வயதான கரிக்காரர் ஒருவர் புகைத்துளைப் பக்கம் மூக்கைக் கொண்டுபோனார், கையை நீட்டிப் பார்த்தார், அடுப்பில் ஒரு கட்டையைப் பின்னுக்கு இழுத்தார். எனக்குக் கண் எரிந்ததுதான் மிச்சம். பக்குவம் வந்ததும் எல்லாத் துளைகளையும் மண்ணால் பூசி ஆறவிடுவார்கள். நாலு டன் மரம் போனால் ஏறக்குறைய ஒரு டன் கரி வரும். அதிலும் பெரும்பகுதி ஜப்பானுக்குக் கப்பலேறுகிறது.

பாகான் செராய் அங்கிருந்து வடக்கே. புக்கிட் மேரா ஏரித் தண்ணீரில் 1906 முதல் விளையும் கிரியான் வயல்கள். அவற்றைத் தாண்டினால், ஒரு காலத்தில் கரும்பும் பிறகு ரப்பரும் இருந்த இடத்தில் செம்பனை. நம்மவர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) ‘ஆயாம் கோலேக்’ கடை ஒரு மலாய் அம்மாவுடையது; மாக்சிக் என்பார்கள். அடுப்பு இவர் பொறுப்பு. மசாலா மாக்சிக் கை: மஞ்சள், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், செரை (எலுமிச்சைப்புல்), தேங்காய்ப்பால். அதில் இவர் தலையிடுவதில்லை.

கம்பியில் கோர்த்த முழுக்கோழிகளை மோட்டார் சுற்றுகிறது. கரி கோழிக்கு நேர் கீழே இல்லை. சாம்பல் பூத்த கங்குகளை இரு ஓரமும் ஒதுக்கி நடுவைக் காலியாக விட்டிருந்தார். நடுவில் கிடந்தால் கொழுப்பு ஒழுகித் தீப்பிடிக்கும், தோல் கருகும், தொடை வேகாது. ஆனாலும் ரெண்டு மூணு கங்கை மட்டும் நடுவில் தள்ளிவிடுகிறார். ஏனென்று கேட்டேன்.

“நல்ல கரியில ஏது தம்பி பொகை? அதெல்லாம் சூளையிலேயே போயிருச்சு. இந்தக் கொழுப்பு சொட்டுற பொகைதான் வாசம்.”

சரிதான். கரியடுப்புக் கோழிக்கு வாசனை மரம் தருகிறது என்றே பலரும் நினைக்கிறோம். சொட்டும் கொழுப்பும் சாறும் கங்கில் பட்டுப் புகைந்து, இறைச்சியிலேயே திரும்ப ஒட்டுவதுதான் அதில் பெரும்பங்கு. சொட்டு கூடினால் ஜுவாலை, ஜுவாலை வந்தால் கரிப்பிசின். அவர் வேலை முழுக்க அந்த எல்லையில் நடக்கிறது. பூச்சுக்குத் தூரிகை கிடையாது: செரைத் தண்டின் அடியைத் தட்டி நார் நாராக்கி, அதையே தேங்காய்ப்பாலில் தோய்த்துத் தடவுகிறார். சர்க்கரை சேர்த்த குழம்பு கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும். முன்னாலேயே தடவினால் உள்ளே வேகுமுன் வெளியே கருகிவிடும்.

மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைப்பவர்களைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவர்களுக்கு அவர் கொடுத்த பட்டங்களை இங்கே அச்சிட முடியாது.

மாக்சிக் ஒரு கேஸ் அடுப்பும் வாங்கி வைத்திருக்கிறார், மழைக்காலத்துக்கு. அதிலும் கோழி வேகிறது, விற்கிறது, விலையும் அதேதான். “கேஸ் ஓடுற அன்னிக்கு நான் வீட்டுக்குக் கோழி எடுத்துட்டுப் போறதில்ல” என்றார், மாக்சிக்குத் தமிழ் தெரியாதென்ற தைரியத்தில்.