மைலோ டின்னும் அலமாரிக் கதவும்



தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கும்போதே எங்கள் தாமானில் வேண்டாத பொருள்களை வெளியே எடுத்து வைக்கும் படலம் தொடங்கிவிடும். கதவு பெயர்ந்த அலமாரி, கால் ஆடும் நாற்காலி, பிள்ளை வளர்ந்துவிட்டதால் பயனற்றுப்போன தொட்டில் எனச் சாலையோரத்தில் வரிசை பிடிக்கும். "சூராட் காபார் லாமா..." என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் பழைய பொருள் லாரி, தாளையும் இரும்பையும் அலுமினியத்தையும் எடுத்துக்கொள்ளும், பலகைச் சாமான்களைத் திரும்பியும் பாராது. அவை மழையில் நனைந்து ஊறி, நகராண்மைக் கழகத்தின் லாரி வரும்வரை அங்கேயே கிடக்கும்.

நான் அவற்றைத் திரும்பிப் பார்ப்பவள்! மாலையில் நடைப்பயிற்சிக்குப் போனால் கண் தானாகவே அப்பக்கம் போய்விடும். என் கணவருக்கு இதில் சற்றுச் சங்கடம்தான். "டீச்சர் குப்பை பொறுக்குகிறார் என்று ஊர் சொல்லப் போகிறது" என்பார். சொல்லட்டுமே. எங்கள் வரவேற்பறைக்கு வரும் விருந்தினர் எல்லாரும் விலை கேட்கும் புத்தக அடுக்கு, அந்தச் சாலையோரத்திலிருந்து வந்த தொட்டில்தான். ஒரு பக்கத்துக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, நிமிர்த்தி நிறுத்தி, நடுவே மூன்று பலகைகளைப் பொருத்தியிருக்கிறேன். அவ்வளவே.

இந்தப் பழக்கம் எனக்குத் தோட்டத்தில் வந்தது. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா பால்வெட்டுத் தொழிலாளி. அந்நாளில் எங்கள் வீட்டில் எந்தப் பொருளுக்கும் ஒரே பிறவி கிடையாது. கோதுமை மாவுச் சாக்கைத் துவைத்துப் பிரித்தால் தலையணை உறை. அது நைந்தால் கைப்பிடித்துணி. அதுவும் கிழிந்தால் விளக்குத் துடைக்க. மண்ணெண்ணெய் டின் குளிக்கத் தண்ணீர் பிடிக்கும் வாளியாகும். பால் டின்னில் துளையிட்டுக் கயிறு கட்டினால் காப்பிக் கடையிலிருந்து காப்பி வாங்கி வரும் பாத்திரம். பால் வடியும் கோப்பையில் விளிம்பு உடைந்தது கிடைத்தால், அதில் மண் நிரப்பிப் புதினாத் தண்டை ஊன்றுவார் அம்மா.

பலகைச் சுவரின் இடுக்குகளை அடைக்க மரவள்ளி மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, பழைய நாளிதழ்களை ஒட்டுவார்கள். எங்கள் வீட்டில் பெரும்பாலும் 'தமிழ் நேசன்' தான். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன அந்த நாளிதழின் தாள்கள்தாம் என் முதல் வாசிப்புப் புத்தகம் என்றால் நம்புவீர்களா? பாயில் படுத்தபடி சுவரை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். சில தாள்களை அம்மா தலைகீழாக ஒட்டிவிட்டார். அவருக்கு எழுத்து தெரியாது. அவற்றையும் தலையைச் சாய்த்துப் படித்துவிடுவேன். இன்றைக்கும் தலைகீழாக வைத்த எழுத்தைத் தடையின்றிப் படிக்க எனக்கு வரும். மாணவர்களின் மேசைக்கு எதிரே நின்று அவர்களுடைய ஏட்டைத் திருத்துவதற்கு இது எத்தனை வசதி என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

சரி, பழங்கதை போதும். செய்திக்கு வருவோம்.

பழைய பொருள்களைக் கொண்டு வீட்டை அழகுபடுத்த விரும்புவோர்க்கு நான் முதலில் சொல்வது சேலையைப் பற்றித்தான். நம் பெண்களின் அலமாரியில் கட்டாத சேலைகள் எத்தனை! ஒரு சேலை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளம் வரும். சன்னலுக்கு என்றால் அதை மூன்றாக வெட்டினால் மூன்று திரைச்சீலைகள் கிடைத்துவிடும். வாசற்பக்கத்துச் சறுக்குக் கதவுக்கு என்றால் இரண்டு நீளத் துண்டுகளும், மிச்சத்தில் முந்தானைப் பகுதியிலிருந்து இரண்டு மெத்தை உறைகளும் தேறும். மேலே மூன்று விரற்கடை அகலத்துக்கு மடித்துத் தைத்தால் கம்பி நுழைந்துவிடும். கரை வெட்டுப்படாமல் திரையின் ஓரமாகத் தொங்கும்படி விட்டுவிட்டால் அதுவே அலங்காரம். தனியாகச் சரிகை ஒட்ட வேண்டியதில்லை. பட்டுச் சேலையை மட்டும் நேர்வெயில் படும் சன்னலில் தொங்கவிடாதீர்கள். நம் நாட்டு வெயிலில் நிறம் வெளுத்து, இழையும் இற்றுவிடும். பின்புறம் பழைய போர்வைத் துணியை உள்துணியாகக் கொடுத்துத் தைத்தால் சில ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும்.

அடுத்து டின்கள். மைலோ, பிஸ்கட், பால்மாவு டின்கள் நல்லவை. அழுத்து மூடி உள்ள டின்னின் விளிம்பு மடித்துச் செய்யப்பட்டிருப்பதால் கையை வெட்டாது. சார்டின் டின் அப்படியன்று. அதைப் பிள்ளைகளின் எழுதுகோல் கூடாக்கும் முன் விளிம்பை அரத்தால் தேய்த்து, துணிப்பட்டையை மடித்து ஒட்டிவிடுங்கள். டின்னுக்கு எதை அடித்தாலும் உரிந்துவிடுகிறது என்று பலர் குறைபடுவதுண்டு. எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரத்தால் கழுவி, உலர்ந்தபின் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, அடிப்பூச்சு ஒன்று கொடுத்த பிறகே சாயம் அடிக்க வேண்டும். வழவழப்பான பரப்பில் சாயம் பிடித்து நிற்பதற்கு வழியில்லை. குளியலறையில் டின்னை வைக்காதீர்கள். மூன்று மாதத்தில் துருப்பிடித்துத் தரையில் வட்டமாகக் கறை விட்டுவிடும்.

எதை எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அட்டைப்பெட்டிகளில் பொருளை அடுக்கிக் கட்டிலுக்கடியில் வைப்பது நம் இல்லங்களில் பெருவழக்கு. இந்த ஈரக்காற்றில் அட்டை, கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் விருந்து மண்டபம். மூடியுள்ள நெகிழிப் பெட்டிகளே பாதுகாப்பு. கிடங்குகளில் சரக்கு அடுக்கும் பேலட் பலகையைப் பலர் இப்போது கட்டிலாகவும் இருக்கையாகவும் ஆக்குகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் பக்கவாட்டில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' என்றிருந்தால் வெப்பமூட்டிப் பூச்சி நீக்கியது, 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயு செலுத்தியது. பின்னதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

பழைய டயர்ப் பூந்தொட்டி எனக்குப் பிடிக்காது. பள்ளித் தோட்டங்களில் வண்ணம் பூசி வரிசையாக வைத்திருப்பார்கள். டயரின் உள்மடிப்பில் மழைநீர் தேங்கும். ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட வசதியான இடம் வேறு இல்லை. முட்டை முழுக் கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாள்களே போதும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி தண்டம் விதிக்கலாம். தண்டத்தை விடுங்கள், டெங்கிக் காய்ச்சலில் பிள்ளை படும் பாட்டை யார் அனுபவிப்பது? டயர்தான் வேண்டும் என்றால் அடிப்பக்கத்து மடிப்பில் கைப்பிடி அகலத்துக்கு ஒரு துளை இட்டு, மேல்வரை மண்ணை நிரப்பிவிடுங்கள்.

இவையெல்லாம் செய்முறைகள். ஆனால் இன்று எழுத வந்ததற்குக் காரணம் வேறு.

ஐந்தாம் ஆண்டில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். கெட்டிக்காரன். ஆயினும் வீட்டுப்பாடம் ஒழுங்காக வராது. வந்தாலும் ஏட்டில் எண்ணெய்க் கறை, கசங்கல், சில நாள்களில் சோற்றுப் பருக்கைகூட ஒட்டியிருக்கும். ஒரு சனிக்கிழமை அவன் இல்லத்துக்குச் சென்றேன். மலிவு விலை அடுக்குமாடி வீடு. 1998இல்தான் இத்தகைய வீடுகளுக்கு மூன்று படுக்கையறை என்று அளவு வகுக்கப்பட்டது. இது அதற்கு முந்தியது, இரண்டே அறைகள். அதில் பாட்டியுடன் சேர்த்து ஏழு பேர். அப்பா லாரி ஓட்டுநர், அம்மா தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் அம்மா ஓர் அறையில் உறங்குவார். மற்றோர் அறை பாட்டிக்கு. கூடத்தில் தொலைக்காட்சியும் கடைசிக் குழந்தையும். மாணவன் அடுப்பங்கரைத் தரையில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தான். எண்ணெய்க் கறையின் காரணம் எனக்கு விளங்கிற்று.

கூடத்துக் கதவுக்குப் பின்னால் நாலரை அடிச் சுவர் ஒன்று வெறுமனே இருந்தது. அங்கே மடக்கு மேசை ஒன்றைப் பொருத்தலாம் என்று தோன்றியது. சாலையோரத்தில் எடுத்த பழைய அலமாரிக் கதவு ஒன்று என் வீட்டில் இருந்தது, நல்ல ஒட்டுப்பலகை. அவன் தாயாரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"தோட்டத்துல எங்கம்மா சாக்குல தலகாணி தச்சாங்க டீச்சர். டின்னுல தண்ணி மோந்து குளிச்சோம். அதெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்கு வேணாம்னுதான் இங்க வந்தோம். மத்தவங்க தூக்கிப் போட்டத எங்க வீட்டுல மாட்டினா வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

இதற்கு என்ன விடை சொல்வது? நான் மாதச் சம்பளக்காரி. என் வீட்டுத் தொட்டில் அடுக்கைப் பார்ப்பவர்கள், டீச்சருக்கு என்ன கலையுணர்வு என்பார்கள். அதே அடுக்கு அவருடைய வீட்டில் இருந்தால், பாவம், வாங்க முடியவில்லை போலும் என்பார்கள். பொருள் ஒன்றுதான், பார்க்கும் கண் வேறாகிவிடுகிறது. சிக்கனத்தைப் பற்றி மேடையில் பேசுவோர் பலர் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. வேண்டும் என்று சிக்கனம் செய்வது ஒன்று; வேறு வழியின்றிச் செய்து, அதிலிருந்து தப்பி வந்தவரிடம் மறுபடியும் அதையே செய் என்பது மற்றொன்று. எனவே நான் வற்புறுத்தவில்லை. தேநீர் குடித்துவிட்டு எழுந்தேன்.

படியிறங்கும் வேளையில் அவரே பின்னால் வந்தார். "பழசுன்னு தெரியாம செஞ்சு குடுப்பீங்களா டீச்சர்?" என்றார்.

நியாயமான நிபந்தனை. அன்றிலிருந்து இதுவே என் அளவுகோலும் ஆயிற்று. மறுபயன்பாடு என்று படம் பிடித்துக் காட்டும் பலவற்றில் ஆணி துருத்திக்கொண்டிருக்கும், பழைய சாயம் பாதி உரிந்திருக்கும். கேட்டால் அதுதான் அழகு என்பார்கள். வசதி உள்ளவர் வீட்டில் அது அழகாக இருக்கலாம். எழுதப் படிக்க இடம் தேடும் பிள்ளைக்குச் செய்து கொடுப்பது புதியதுபோல் இருக்க வேண்டும்.

கதவைப் பழைய சாயம் போகத் தேய்த்தோம். கைப்பிடி இருந்த துளைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தோம். நிறத்தை அந்தத் தாயாரே தேர்ந்தெடுத்தார். சுவரின் வெளிர்நீலமே வேண்டும் என்றார். மடக்கினால் சுவரோடு சுவராகிவிடும் அல்லவா! சுவரில் ஒரு கட்டையை இறுக்கி, அதில் இரண்டு கீல்கள். விரித்தால் தாங்கப் பக்கத்துக்கு ஒன்றாக இரு சங்கிலிகள். செங்கற்சுவர் என்பதால் துளையிட்டு நெகிழி அடைப்பான் செருகித்தான் திருகாணியை ஏற்ற வேண்டும்; வெறும் ஆணி நில்லாது. துளையிட்டவர் வேறு யார், குப்பை பொறுக்குவதைக் கண்டு சங்கடப்பட்ட என் கணவர்தாம். மேசையின் உயரத்துக்குப் புத்தகம் பார்க்கவில்லை. பையனை நாற்காலியில் அமரச் செய்து, கை மடங்கிய நிலையில் முழங்கை நிற்கும் உயரத்தைச் சுவரில் கோடிட்டோம். மைலோ டின்கள் மூன்று அதே நீலத்தில் பக்கத்துச் சுவரில் ஏறின. கீல், சங்கிலி, திருகாணி, சாயம் எல்லாம் சேர்ந்து 50 ரிங்கிட்டைத் தாண்டவில்லை.

முதல் வாரமே மேசைக்குச் சண்டை வந்துவிட்டது! இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அக்காளும் அதைக் கேட்டாள். இரவு ஏழு முதல் எட்டரை வரை தம்பி, அதன்பின் அக்காள் என்று பாட்டி தீர்ப்பு வழங்கினார். அந்த நேரத்தில் தொலைக்காட்சியின் ஒலி குறைக்கப்பட வேண்டும் என்பதும் தீர்ப்பில் அடக்கம். ஏட்டில் எண்ணெய்க் கறை நின்றுவிட்டது. பையன் கணிதத்தில் முதலிடம் வந்தானா என்று கேட்காதீர்கள். வரவில்லை. வீட்டுப்பாடம் வந்தது. எனக்கு அது போதும்.

போன மாதம் அந்தத் தாயார் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். பழக்கடையில் கேட்டு வாங்கிய மரப்பெட்டிகள் நான்கைத் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி, வாசலில் காலணி அடுக்கு ஆக்கியிருக்கிறார். தேய்ப்பு என்னுடையதைவிட நேர்த்தி. "டீச்சர், இதுக்கு என்ன கலர் அடிக்கலாம்?" என்று கேட்டிருந்தார். அடுக்குமாடி நடைபாதையின் தூசிக்குக் கரும்பழுப்பு உகந்தது, அழுக்குத் தெரியாது என்று பதில் போட்டேன்.

மறுநாள் படம் வந்தது. மஞ்சள் அடித்திருந்தார்.